உயிருக்கும் மின்சாரத்துக்கும் இடையே ஒரு துபாஷி



வீட்டு விளக்கை எரியச் செய்வதும் நம் விரலை அசையச் செய்வதும் மின்சாரமே. ஆயினும் இரண்டும் ஒரே பாஷை பேசுவன அல்ல. செம்புக் கம்பியில் ஓடுவன எலெக்ட்ரான்கள். நரம்பிலோ சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், உயிரணுவின் சவ்வைக் கடப்பதாலேயே செய்தி பரவுகிறது. சமையல் உப்பு நீரில் கரைந்ததும் இத்தகைய அயனிகளாகவே பிரிகிறது.

மூளையின் பேச்சைக் கருவிக்கு எடுத்துரைக்க இருபாஷையும் அறிந்த துபாஷி ஒருவர் வேண்டும். உலோகம் அதற்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. மூளை மிருதுவானது, உலோகம் கடினமானது. அயனிகளும் அதன் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன.

அந்தத் துபாஷி பிளாஸ்டிக் என்றால் வியப்பீர்கள். மின்கம்பிக்கு மேலுறையாக நாம் அறிந்த பொருளல்லவா அது! 1977-இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீன் என்னும் பிளாஸ்டிக்கை அயோடின் போன்றவற்றின் ஆவியால் மின்கடத்தியாக்கிக் காட்டினர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது.

அவ்வினத்தைச் சேர்ந்த மெல்லிய படலமொன்றில் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதனைத் தொட்டிருக்கும் உப்புநீரிலிருந்து நேர்மின் அயனிகள், துணியில் நீர் ஊறுவதுபோல், படலம் முழுவதும் ஊறுகின்றன. உடனே மின்னோட்டம் குறைகிறது. மேற்பரப்பு மட்டுமன்றி முழுப் பருமனும் வினைபுரிவதால், அயனிகளின் சிறு அசைவும் பெரிய மாற்றமாக வெளிப்படுகிறது. இவ்வகை டிரான்சிஸ்டரை எலிகளின் மூளைமீது பதித்து, வலிப்பு நோய்க்குரிய மின்துடிப்புகளை மல்லியாரஸ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் தெளிவாகப் பதிவு செய்தனர்.

கேட்பதோடு நில்லாமல் பதில் பேசவும் இப்பிளாஸ்டிக் வல்லது. சுவீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர்க்ரென் குழுவினர் ‘அயனி பம்பு’ ஒன்றை உருவாக்கினர். நாம் விழுங்கும் வலி மாத்திரை உடலெங்கும் பரவுகிறது. பக்க விளைவுகளுக்கு இதுவும் ஒரு காரணம். அயனி பம்போ திரவம் எதையும் செலுத்தாமல், மின்னழுத்தத்தால் மருந்து அயனிகளை மட்டும் வேண்டிய இடத்தில் இறக்குகிறது. 2015-இல் எலிகளின் தண்டுவடத்தில் ‘காபா’ என்னும் நரம்புப் பொருளை இவ்வாறு இறக்கி, நரம்பு வலியைத் தணித்தனர்.

இவை எலிகளில் கண்ட பலன்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வலிப்பு நோயாளி உள்ள இல்லத்தார் இச்செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடலாகாது. உடலின் உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் ஊறியும் இப்படலம் பழுதுறாதிருக்க வேண்டும். அதனைச் சுற்றி உடல் வளர்க்கும் தழும்புத் திசுவையும் வெல்ல வேண்டும். கண்டுபிடிப்பைவிட இதுவே கடினமான பணி என்பது என் கருத்து.