'காலத்திற்கு முந்தியவர்' என்னும் கட்டுக்கதை

பெட்டி டேவிஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியார் 1973-ஆம் ஆண்டில் தம் பெயராலேயே வெளியிட்ட முதல் இசைத்தட்டைப் பற்றி, சங்கீத ரசனை மிக்க என் நண்பர் ஒருவர் அண்மையில் தீர்ப்பொன்று வழங்கினார். அம்மையார் தம் காலத்திற்கு முந்திப் பிறந்துவிட்டாராம். அதனால் அன்று அவரை யாரும் அறிந்துகொள்ளவில்லையாம். பிழை ஒருவருடையதும் அன்றாம். இத்தீர்ப்பு நண்பருக்கு மட்டும் உரியதன்று. 2007-இல் சியாட்டில் நகரத்து லைட் இன் தி ஆட்டிக் நிறுவனத்தார் அத்தட்டை மறுபடி வெளியிட்டது முதல், புகழ்ந்தெழுதுவோர் பலரும் ஓதிவரும் மந்திரம் இதுவே. இது பொய் என்பது என் கட்சி.

அத்தட்டு எக்காலத்தது என்று முதலில் பார்ப்போம். அதனைத் தயாரித்தவர் கிரெக் எரிகோ. ஸ்லை அண்டு தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் டிரம் வாசித்துப் பேர் பெற்றவர். பாஸ் கிதார் வாசித்த லாரி கிரஹாமும் அக்குழுவில் இருந்தவரே. பின்பாட்டுப் பாடியோரில் பாயின்டர் சகோதரிகளும் சில்வெஸ்டரும் உண்டு. அன்றைய சான் பிரான்சிஸ்கோவில் இவர்களைவிடக் காலத்தோடு ஒட்டி நின்றவர் யார்? பாட்டுகளை எழுதியவர் அம்மையாரே. ஃபங்க் என்பது தாளத்தை அரசனாக்கி, மற்ற யாவற்றையும் அதற்கு ஏவல் செய்ய வைக்கும் சங்கீதம். அதில் அவர் குரலும் ஒரு தாளக்கருவியாகவே நிற்கிறது. உறுமுகிறது, கரகரக்கிறது, சொல்லைப் பாதியில் வெட்டுகிறது. இது பாட்டன்று, கூச்சல் என்போர் உளர். குயிலைத் தேடிப் போனவர்க்குக் கூச்சல்தான். வட கரோலினாவில் பாட்டியின் பண்ணையில் புளூஸ் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர் என்பதை மனத்திற்கொண்டு கேட்டால், அக்கரகரப்புக்கு ஒரு வமிசாவளி உண்டென்பது விளங்கும்.

காலம் ஆயத்தமாக இல்லையாம்! அதே 1973-இல் மார்வின் கே, காதலியை வெளிப்படையாகக் கலவிக்கு அழைக்கும் 'லெட்ஸ் கெட் இட் ஆன்' பாட்டைப் பாடினார். அஃது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் ஏறி அமர்ந்தது. 1970-இல் ஜேம்ஸ் பிரவுன் தம்மைக் காம யந்திரம் என்றே பாடிப் பெருவெற்றி கொண்டார். இரண்டும் நல்ல பாட்டுகளே, குறைகூற வரவில்லை. ஆனால் பெட்டி அம்மையார், இரவில் அலங்கரித்துக்கொண்டு ஆண் துணை தேடிப் புறப்படும் ஒருத்தியின் வாயாகப் பாடிய பாட்டோ, கறுப்பர் சங்கீதப் பட்டியலில் 66-ஆம் இடத்திற்குமேல் ஏறவில்லை. கணக்குப் புத்தகத்தோடு நாள் கழிக்கும் தோட்டத்துக் கிராணி நான். ஒரே சரக்குக்கு ஆணுக்கொரு விலையும் பெண்ணுக்கொரு விலையும் நான் எழுதி வைத்தால், காலத்தின் பிழை என்று என் மேலாளர் விட்டுவிடுவாரா? எழுதினவன் யார் என்றல்லவா கேட்பார்!

எழுதினவர் யார்? வானொலி நிலையத்தார் பலர் அம்மையாரின் பாட்டை ஒலிபரப்ப மறுத்தனர். இதனினும் வருந்தத்தக்கது யாதெனில், கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909 முதல் போராடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தாரே அப்பாட்டைக் கண்டித்ததுதான். அவர்தம் நியாயத்தை நான் மறைக்க மாட்டேன். அடிமைக் காலந்தொட்டுக் கறுப்பினப் பெண்ணைக் காமப் பொருளாக வருணித்து, அவ்வருணனையையே தன் கொடுமைக்குச் சாக்காக்கிக்கொண்டது வெள்ளை ஆதிக்கம். அப்பழியைத் துடைக்கப் பாடுபட்டவர் நெஞ்சில் இப்பாட்டு முள்ளாகத் தைத்திருக்கும். ஆயினும் பழி சுமத்தியவன் ஒருவனாயிருக்க, வாய் மூட வேண்டியவள் மற்றொருத்தியா? இனத்தின் மானம் முழுவதையும் பெண்ணின் நாவில் கட்டிவைத்து, ஆணின் நாவை மட்டும் அவிழ்த்துவிடுவதற்குச் சீர்திருத்தம் என்று பெயரா? சீர்திருத்தம் பேசும் நாமன்றோ இதை முதலில் கேட்க வேண்டும்!

கண்டித்தவர்கள் தட்டு முழுவதையும் கேட்டார்களா என்பதே எனக்கு ஐயம். அதே தட்டிலுள்ள 'ஆண்டி லவ் சாங்' பாட்டில், மனம் விரும்பும் ஆடவனையே ஒரு பெண் வேண்டாமென்று விலக்குகிறாள். அவனிடம் தன்னை இழந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். 'ஸ்டெப்பின் இன் ஹெர் ஐ. மில்லர் ஷூஸ்' என்னும் பாட்டோ, ஆசைகளோடு புறப்பட்டு வந்து, பிறரால் பயன்படுத்தப்பட்டு அழிந்துபோன தோழி ஒருத்திக்கான ஒப்பாரி. பெண்ணின் மானங் காக்கப் புறப்பட்டவர் காதில் இவ்வொப்பாரி விழாமற் போனது எங்ஙனம்?

நிற்க. அம்மையாரை மைல்ஸ் டேவிஸின் முன்னாள் மனைவி என்ற ஒரே தகுதியால் அறிமுகம் செய்வோர் இன்றும் உளர். இருவரும் 1968-இல் மணந்தனர். மணவாழ்வு ஏறக்குறைய ஓராண்டே நீடித்தது. அதற்கு முன்னரே, 1967-இல், சேம்பர்ஸ் பிரதர்ஸ் குழுவினர்க்கு ஹார்லெம் பற்றிய பாட்டொன்றை அவர் எழுதிக் கொடுத்தாயிற்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் சங்கீதத்திற்கு மைல்ஸை அழைத்துச் சென்றவரும் அவரே. கணவரே தம் சுயசரிதையில் மனைவியிடம் பட்ட கடனை ஒப்புக்கொண்டிருக்க, நம் விமரிசகர் கணக்கைத் தலைகீழாக எழுதுகின்றனர்.

1976-இல் அம்மையார் தம் நான்காம் தட்டைப் பதிவு செய்து முடித்தார். ஐலண்டு நிறுவனம் அதனை வெளியிடவில்லை. அது 2009 வரை, 33 ஆண்டுகள், பெட்டிக்குள் கிடந்தது. அவரோ மேடையை விட்டகன்று, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஊரில் நெடுங்காலம் ஓசையின்றி வாழ்ந்து, 2022 பிப்ரவரி 9-இல் தமது 77-ஆம் வயதில் காலமானார். அப்பெட்டியைப் பூட்டியதும் காலந்தானா என்பதை என் நண்பர் தெரிவிப்பாராக.