தோல்வியும் பழியும்

காற்பந்தாட்டத்தில் தான் விரும்பிய கட்சி தோற்றதென்று ஒருவன் உண்ணாதிருப்பின், அவனைப் பேதையென்று நகுவார் பலர். பந்தை உதைத்தவன் அவனல்லன். பரிசு அவனுக்கு வருவதுமன்று. பின்னர் ஏன் இத்துயரம் என வினவுவர். அவர்களோடு யாம் உடன்படோம். பிறர் வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டு மகிழவல்ல உள்ளம், அவர் தோல்விக்கும் வருந்தவே செய்யும். அத்துயரை அவன் எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கின்றான் என்பதே யாம் ஈண்டு ஆராய விரும்புவது.

1950-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரத்து மரக்கானா அரங்கில் நிகழ்ந்ததை நோக்குக. உலகக் கோப்பை யாருக்கென்று முடிவு செய்யும் ஆட்டம் அது, எதிர்க்கட்சி உருகுவே. அவ்வாண்டு எஞ்சிய நான்கு நாடுகள் ஒன்றோடொன்று பொருது, மிகுந்த புள்ளி பெற்றவர்க்கே கோப்பை என்பது முறையாதலின், பிரேசிலுக்கு ஆட்டம் சமனாக முடிந்தாலே போதும். சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்று வந்தவர்களுக்கு அஃதொரு பொருட்டா? ஆடுமுன்னரே அவர்களை உலக வாகையர் எனப் படத்தோடு அச்சிட்ட நாளிதழும் உண்டு. கட்டணஞ் செலுத்தி வந்தோர் மட்டும் 1,73,850 பேர்.

இரண்டாம் பாதி தொடங்கியவுடனே ஃபிரியாசா பிரேசிலுக்கு ஒரு கோல் அடித்தார். 66-ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிக்கியா வலப்புறமாக ஓடிவந்து பந்தை நடுவே செலுத்த, ஷியாஃபினோ அதனைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் கிக்கியா மீண்டும் அவ்வழியே வந்தார். பிரேசிலின் கோல் காவலர் பார்போசா, பந்து முன்போலவே நடுவே வருமென்றெண்ணிச் சற்றே விலகி நின்றார். கிக்கியாவோ அவருக்கும் அண்மைக் கம்பத்துக்கும் இடையிலிருந்த சிறு வெளியிலே பந்தைச் செலுத்திவிட்டார். அரங்கம் வாயடைத்துப் போயிற்று.

அத்துயரைப் பிரேசில் மக்கள் பலவாறு ஆற்றிக்கொண்டனர். அதுவரை அணிந்த வெள்ளைச் சட்டையைக் கைவிட்டு, 1953-ல் நாளிதழொன்று நடத்திய போட்டியின் வாயிலாக மஞ்சட் சட்டையைத் தேர்ந்தனர். சட்டை என் செய்யும் என்று நமக்குத் தோன்றலாம். எனினும் சட்டைமேற் பழிபோட்டால் ஒருவர்க்கும் தீங்கில்லை. வானொலியிற் செய்தி கேட்டு அழுத தந்தையைக் கண்டு, அக்கோப்பையை யான் வென்று தருவேன் என்றான் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். அவனே பெலே. 1958-ல் தன் 17-ஆம் வயதில் சொன்ன சொல்லைக் காத்தான்.

மற்றுமொரு வழியும் உண்டு. அதுவே எம் நெஞ்சை உறுத்துவது. தோல்விப் பழி பார்போசா, பிகோடே, ஜுவெனல் என்னும் மூவர் தலைமேல் ஏற்றப்பட்டது. மூவரும் கறுப்பினத்தவர். ஒரு கோலுக்குமேல் அடிக்கமாட்டாத முன்னணியாளரைக் கேட்பாரில்லை! பார்போசாவோ போக்காடாகவே ஆக்கப்பட்டார். ஏறத்தாழ இருபதாண்டு கழிந்த பின்னரும், கடையொன்றில் அவரைக் கண்ட ஒருத்தி, பிரேசில் முழுவதையும் அழவைத்தவர் இவரே என்று தன் மகனுக்குச் சுட்டிக் காட்டினாளாம். 1993-ல் நாட்டுக் குழுவினர் பயிலுமிடத்திற்குச் சென்றவரை, அவர் வரவு தீநிமித்தமென்று அஞ்சித் திருப்பியனுப்பினர். தம் நாட்டிற் பெருங்குற்றத்திற்கும் முப்பதாண்டே தண்டனை, தமக்கோ ஐம்பதாண்டு என்று சொல்லி வருந்திய அவர் 2000-ஆம் ஆண்டில் இறந்தார்.

காவலர் பிழைத்தாரெனின் அதனைக் கூறலாகாதோ எனின், கூறலாம். அன்று மாலைவரை கூறலாம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கியே, தோற்று வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அன்றோ என்று பாட வெண்ணிக்குயத்தியார்க்கு நா எழுந்தது. அத்தகைய சொல்லொன்று பார்போசாவுக்கு வேண்டியிருந்தது.

கிக்கியாவுக்கு நேர்ந்ததையும் கூறிவிடுகின்றோம். 2009-ல் அவரை அதே மரக்கானாவுக்கு அழைத்து, புகழ்மிக்க ஆட்டக்காரர் வரிசையில் அவர் அடிச்சுவடுகளையும் பதித்துச் சிறப்பித்தனர்.