வேருக்கு எதுக்குங்க காபி விலை?

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற காபித்தூள் பாக்கெட்டை எடுங்கள். முன்பக்கம் வேண்டாம், அங்கே ஆவி பறக்கிற டம்ளர்தான் இருக்கும். அதைத் திருப்பி, எறும்பு சைஸ் எழுத்தைத் தேடுங்கள். காபி இத்தனை சதவிகிதம், சிக்கரி இத்தனை சதவிகிதம். படிச்சாச்சா?

நம் நாட்டு விதிப்படி, கலவைத் தூளில் காபி 51 சதவிகிதம் இருந்தால் போதும். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, பொடிப்பார்கள். டிகாக்‌ஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் தரும். காஃபீன் துளியும் கிடையாது. 60:40 கலவையில் அரைக் கிலோ வாங்கினால் 300 கிராம் காபி, 200 கிராம் வேர். 'கலவைக்கு விலை குறைச்சல்தானே?' என்பீர்கள். அந்தக் குறைச்சல் வேரின் விலைக்குத் தகுந்த குறைச்சல்தானா? பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சிக்கரி பிடிக்கும் என்றால் தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. எவ்வளவு போடுவது என்பதை எவனோ ஏன் முடிவு செய்யணும்?

தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் என் அத்தைக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஏற்காட்டிலிருந்து பச்சைக் கொட்டை வரும். அது மாசக்கணக்கில் கெடாது. தூளோ, பாக்கெட்டைப் பிரித்த ரெண்டே வாரத்தில் வாசனை போய்விடும். வேர்க்கடலை வறுக்கிற அதே இரும்புச் சட்டி, மிதமான தீ, கை எடுக்காமல் கிளறணும். முதலில் பச்சைப்புல் வாசனை. மஞ்சளாகி, பழுப்பாகிறபோது ரொட்டி வாசனை. அப்புறம் சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கிக் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடணும். விட்டால் கரி. முறத்தில் கொட்டிப் புடைத்தால் தோல் பறந்து, கொட்டையும் சீக்கிரம் ஆறிவிடும். எல்லாம் கால் மணி நேரம்.

'இப்பவே அரைச்சிக் குடிக்கக் கூடாது கண்ணு, ஒரு நா மூச்சு விடட்டும்' என்பார் அத்தை. நிஜம்தான். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறணும்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தபின் 800, 850 கிராம்தான் தேறும். ஈரம் போய்விடுகிறது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன், மாலில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குடிக்கிற ரெண்டு கப் காபிக் காசில் வீட்டில் பல நாள் ஓடும். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நேரமில்லை என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் எத்தனை கால் மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணிவிட்டு வரவும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுபோனவர். அப்போது கம்பைநல்லூரும் சேலம் ஜில்லாதான். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். இருநூறு வருஷமாகப் பக்கத்து மலையில் காய்க்கிற கொட்டை, ஊரெல்லாம் சுற்றி, வேரோடு கலந்து பளபளா பாக்கெட்டில் நம்மிடமே திரும்பி வருகிறது. நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம்!

ஏற்காடு போனால் போட் ஹவுஸ் போட்டோவோடு திரும்பாதீர்கள். தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொட்டை கேளுங்கள். முதலில் 100 கிராம் மட்டும் வறுங்கள். நிச்சயம் கருகும். எனக்கு மூணு தடவை கருகியது.