திருநங்கைக் கைதிக்குக் கஃபீல் யார்?

சிறைவாசி என்ற சொல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நீண்டகாலச் சிறைவாசிகளின் விடுதலைக்காகத் தமிழக முஸ்லிம்கள் பல்லாண்டுகளாக மாநாடு நடத்தியும் கோரிக்கை மனு அளித்தும் வருகின்றனர். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டேந்தி அவர்களின் குடும்பங்களுக்கு வசூலித்துத் தந்த மஹல்லாக்கள் பல. இந்தியச் சிறைகளில் முஸ்லிம்களின் விகிதம் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிடக் கூடுதலாக இருப்பதை அரசின் புள்ளிவிவரமே காட்டுகிறது. சிறை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும் இந்த அக்கறை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர் திருநங்கை என்றால் துண்டு விரிவதில்லை; அப்படியொருவர் உள்ளே இருக்கிறார் என்ற பேச்சே எழுவதில்லை.

எழாததற்கு ஒரு காரணம், அவர்கள் எண்ணப்படாமலேயே இருந்தார்கள் என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் 2020ஆம் ஆண்டு அறிக்கை வரை ஆண், பெண் என இரண்டே பத்திகள்தாம் இருந்தன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்ட பிறகே மூன்றாவது பத்தி வந்தது. அந்த ஆண்டின் கணக்கில் நாடு முழுவதும் 4,88,511 கைதிகள். அவர்களுள் மூன்றாம் பாலினத்தவர் 70 பேர். இது பதிவில் ஏறிய எண் மட்டுமே. ஆண் என்று எழுதப்பட்டு ஆண்கள் தொகுதியில் அடைக்கப்பட்டவர் இந்த எழுபதில் வரமாட்டார்.

அதே அறிக்கையின்படி கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இவர்களுக்கு ஜாமீன் கிடைப்பது ஒன்று, ஜாமீனில் வெளியே வருவது வேறொன்று. ‘இரு நபர் உத்தரவாதம்’ என்று நீதிமன்றம் எழுதும். அவ்விருவரில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில வேளைகளில் சேரும். பதினைந்து பதினாறு வயதில் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒருவருக்கு இரத்த உறவினர் எங்கிருந்து வருவார்? சொத்து வரி ரசீதோடு நீதிமன்றப் படியேற அவருக்காக எவர் முன்வருவார்? நேர்காணலுக்கு, சிறை வழக்கில் சொன்னால் ‘மனு’வுக்கு, வருவோரும் இல்லை. ஆகவே அதே வழக்கில் அதே நாளில் கைதான மற்றவர் வெளியேறிய பின்னும் இவர் உள்ளேயே இருப்பார். ஏழைக் கைதிகளுக்கென மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை வழங்க வழியுண்டு. தொகையை அரசு தரும், ஆளைத் தராது.

இங்கேதான் ஃபிக்ஹின் ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. மத்ரஸாக்களில் ஆண்டுதோறும் குதூரியில் ‘கிதாபுல் கஃபாலா’வை நடத்துகிறோம். பொருளுக்குப் பிணை நிற்பது ஒரு வகை. ஆளுக்குப் பிணை நிற்பது, அதாவது இன்ன நாளில் இவரை நீதிபதி முன் நிறுத்துவேன் என்று பொறுப்பேற்பது, ‘கஃபாலா பின்னஃப்ஸ்’ என்ற மற்றொரு வகை. வளைகுடா சென்று வந்தவர்களுக்குக் கஃபீல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அச்சொல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்பவரின் பெயராகிவிட்டது. நம் இமாம்கள் எழுதிய பொருளில் கஃபீல் என்பவர், நம்பிக்கையின் பேரில் இன்னொருவருக்காகத் தம் கழுத்தை நீட்டுபவர். பிணை கேட்பவர் எத்தகைய நடையுடையவர் என்பது அப்பிணை செல்லுபடியாவதற்கு நிபந்தனையாக எழுதப்படவில்லை.

‘அவர்களின் வாழ்க்கை முறையை நாம் ஆதரிப்பதாக ஆகிவிடாதா?’ என்று கேட்பார்கள். நேரான கேள்வி, நேராகவே பதில் சொல்ல வேண்டும். திருமணத்திற்கு வெளியிலான உறவு குறித்தும் ஓரினச் சேர்க்கை குறித்தும் மார்க்கச் சட்டம் என்னவென்பதில் எனக்கு ஐயமில்லை. அதை இளக்க நான் எழுதவுமில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்தியது நாட்டின் சட்டம். ஹராம் ஹலால் அதனால் மாறாது. ஆனால் கைதியின் உரிமை அவருடைய நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசு என்று மார்க்கம் எங்கே கூறுகிறது? அல்இன்ஸான் அத்தியாயத்தின் எட்டாம் வசனம் ஏழை, அநாதை ஆகியோரோடு கைதிக்கும் உணவளிப்போரைப் புகழ்கிறது. அந்நாளில் முஸ்லிம்களின் கையிலிருந்த கைதிகள் இணைவைப்போர் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வாளெடுத்து வந்தவருக்கே உணவு உண்டென்றால், எவருடனும் போரிடாத ஒருவர் தம் நடையுடையால் அதை இழந்துவிடுவாரா?

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நிலவரி பற்றிய நூல் என்றே பலர் அறிவர். அதில் கைதிகளைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். கைதிகளைச் சங்கிலியோடு வெளியே அனுப்பிப் பிச்சையெடுக்க வைக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு அவர் கேட்கிறார். ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி மாதம் பத்துத் திர்ஹம் அவரவர் கையிலேயே கொடுக்கச் சொல்கிறார். ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று காரணமும் சொல்கிறார். சிறை நிர்வாகம் அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும்! குளிருக்கும் கோடைக்கும் வேறுவேறு ஆடை. உறவினரற்ற கைதி இறந்தால் பைத்துல்மால் செலவில் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை. இவை எல்லாம் திருடர், குற்றவாளிகள் உட்பட அனைவருக்கும்.

குன்ஸா, முகன்னஸ் என்ற இரு சொற்களையும் நம்மவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. முன்னது உடலமைப்பைப் பற்றியது. பின்னது நடை, பேச்சு, இயல்பு பற்றியது. இன்று திருநங்கை என்று அழைக்கப்படுவோர் அனைவரையும் இவற்றுள் ஒன்றில் அடக்கிவிட முடியாது என்பதும் உண்மை. பின்னதைக் குறித்து இமாம் நவவி (ரஹ்), பிறவியிலேயே அவ்வியல்போடு இருப்பவர் மீது பழியோ பாவமோ தண்டனையோ இல்லை என்றும், வேண்டுமென்றே அவ்வாறு பாவனை செய்பவருக்கே கண்டனம் என்றும் பிரித்து எழுதினார்கள். மருதாணி பூசிய ஒருவர் மதீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அபூதாவூதின் அறிவிப்பை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஆலிம்களிடையே பேச்சு இருக்கிறது. அது ஒருபுறமிருக்க, அவரைக் கொன்றுவிடலாமா என்று கேட்கப்பட்டபோது, தொழுகையாளிகளைக் கொல்வது எனக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுத்ததும் அதே அறிவிப்பில்தான் உள்ளது. முதற்பாதியை மட்டும் ஓதுவது நியாயமாகாது.

சிறையில் இவர்களுக்கு நேரும் கொடுமைகளில் மிகக் கொடியது உடல் மீதான அத்துமீறல். ஆடை களைந்து சோதனையிடுவது முதல் இரவில் பூட்டிய அறைக்குள் நடப்பது வரை அது நீளும். குன்ஸாவின் அவ்ரத்தை யார் பார்க்கலாம் என்பதில் நம் ஃபுகஹாக்கள் காட்டிய பேணுதல் வியப்புக்குரியது. குன்ஸா முஷ்கில் இறந்துவிட்டால் ஆணும் குளிப்பாட்டாமல், பெண்ணும் குளிப்பாட்டாமல், தயம்மும் செய்வித்து அடக்கலாம் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. மையித்துக்கே இத்தனை மறைப்பு! உயிரோடிருப்பவரை ஆண் காவலர்கள் சூழ நின்று சோதிப்பதை இந்தச் சட்டத்தைப் படித்த ஒருவர் எப்படிப் பொறுப்பார்? உள்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், கைதி விரும்பும் பாலினத்தவர் சோதனையிட வேண்டும், தனித் தொகுதி வேண்டும், ஆனால் அது தனிமைச் சிறையாகிவிடக் கூடாது என்று சொல்லப்பட்டது. உறவினர், நண்பர், வழக்கறிஞருடனான தொடர்பும் விடுதலைக்குப் பிந்தைய ஏற்பாடும் அதில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் திருநர் கைதிகளை ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க வழிகாட்டியது. இவை நடைமுறையில் உள்ளனவா என்று கேட்பதற்கு வெளியே ஆள் வேண்டும். சட்டமும் பலவீனமானது: 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், அவர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு அதிகபட்சமாக இரண்டு ஆண்டுத் தண்டனைதான் வைத்திருக்கிறது. பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு.

விடுதலை நாள் இன்னொரு சோதனை. மற்றவரை அழைத்துச் செல்ல வாசலில் ஆள் நிற்கும். இவருக்கு வாடகை வீடு கிடைக்காது; முகவரி இல்லையேல் ஆதார் திருத்தமோ குடும்ப அட்டையோ நகராது. கைக்காசு தீரும்போது, எந்தத் தெருவிலிருந்து பிடித்துச் சென்றார்களோ அதே தெரு காத்திருக்கும். தவ்பாவைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்ய ஆசைப்படுவோர், முதலில் அவர் உறங்க ஓர் இடத்தைப் பார்த்துத் தரட்டும். மது அருந்தித் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் எனும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியில் இருக்கிறது.

ஜமாஅத்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், இலவச வழக்கறிஞர் உண்டு என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஜமாஅத் முத்திரையிட்ட ஒரு கடிதம் எழுதி, பிணையாளர் கிடைக்காமல் உள்ளே இருக்கும் திருநங்கைகள் எத்தனை பேர் என்று கேட்கலாம். அவர்களில் முஸ்லிமான ஏழை இருந்தால் ஜகாத்திலிருந்தே உதவலாம். பிற சமயத்தவருக்கு ஸதக்கா இருக்கிறது. பள்ளிவாசல் கடைகளில் ஒன்றை வாடகைக்கு விடும்போது ஒரு தையல் இயந்திரத்துக்கு இடம் ஒதுக்க நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். மையவாடியில் இடம் கேட்டு ஒரு ஜனாஸா வந்து நிற்கும்போது வாசலில் விவாதம் நடத்தாமல், அதற்கான முடிவையும் இப்போதே பதிவேட்டில் எழுதி வைக்கலாம். ரமளானுக்கு முன் கூடும் ஜகாத் குழுவின் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு முத்தவல்லிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.