படையாச்சிக்குப் பெண்பால் இல்லை

2019 நவம்பரில் என் மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். "மேடம், மொரீசியஸ் நிதியமைச்சர் நம்ம ஆளு." திரையில் ரெங்கநாதன் படையாச்சி என்ற பெயர் இருந்தது. மரக்காணத்தை ஒட்டிய உப்பளக் கிராமத்துப் பிள்ளை அவன். அவன் அம்மா அளத்தில் உப்புச் சுமப்பவர். "உங்க அம்மா பேரு கூலி நோட்டுல எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்பா பேரப் போட்டு பக்கத்துல சம்சாரம்னு எழுதியிருப்பாங்க மேடம்."

நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆணின் பெயரில் தன் ஊரைக் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு, தன் அம்மா பெயர் நோட்டில் இல்லாதது உறுத்தவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை. நாம் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். கடல் கடந்த குடும்பப் பெயர்களைப் பார்த்துப் பூரிக்கும் நம் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உலகம் சுற்றிய அந்தப் பெயர் யாருடையது?

படை, ஆட்சி என்னும் இரு சொற்கள் சேர்ந்தது படையாட்சி. மீனாட்சி பேச்சில் மீனாச்சி ஆவதைப்போல அது படையாச்சி ஆனது. வன்னியர்கள் தரித்துக்கொண்ட பட்டங்களில் ஒன்று. பழைய தென்னார்க்காட்டில் படையாச்சியும் கவுண்டரும் மிகுதி, செங்கல்பட்டுப் பக்கம் நாயகர் மிகுதி. இரண்டின் எல்லையில் இருப்பது மரக்காணம். சொல்லின் கடைசியில் 'ஆச்சி' என்று கேட்பதால் ஏமாற வேண்டாம். அது பெண்ணைக் குறிக்கும் ஆச்சி அல்ல, ஆட்சியின் தேய்வு. அந்த ஆட்சியில் பெண்ணுக்குப் பங்கு இருந்ததில்லை. வீட்டு ஆண் கோவிந்தசாமிப் படையாச்சி என்றால் அவர் மனைவி அம்மாக்கண்ணு, மகள் அஞ்சலை. பத்திரத்தில் 'இன்னார் படையாச்சி பெண்சாதி' என்று எழுதுவார்கள். பட்டத்துக்கு அவள் அடைமொழிகூட இல்லை, உடைமை.

இந்தப் பட்டம் எப்படிக் கப்பலேறியது? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். தென்னார்க்காடும் வடார்க்காடும் செங்கல்பட்டும் அந்தக் கப்பல் பதிவேடுகளில் மறுபடி மறுபடி வரும் மாவட்டப் பெயர்கள். பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் என்று கட்டங்கள். குடும்பப் பெயருக்குக் கட்டமே இல்லை, ஏனென்றால் நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஒப்பந்தம் முடிந்து திருமணப் பதிவும் பிள்ளைகளின் பள்ளிப் பதிவும் வந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். சாதிக் கட்டத்தில் கிடந்த பட்டத்தைச் சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். தந்தை கட்டத்தில் கிடந்த பெயரைச் சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். முதல் வகையில் தென்னாப்பிரிக்காவின் படையாச்சிகள், பிள்ளைகள், நாயுடுகள், கவுண்டர்கள், முதலிகள் உருவானார்கள். இரண்டாம் வகையில் பெருமாள்களும் முனுசாமிகளும் சின்னசாமிகளும். இன்று டர்பனில் ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் பெருமாள் என்றால் அவள் தந்தை பெருமாள் அல்ல. நூறாண்டுக்கு முன்பு செத்துப்போன ஓர் ஆணின் பெயர் அவள்மீது உறைந்திருக்கிறது. அதே கப்பலில் வந்த முனியம்மாவும் காத்தாயியும் இப்படி உறைந்து ஒரு பரம்பரைக்குப் பெயரானது எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம். விதி அதுவல்ல.

மலேசியாவுக்கும் இதே மாவட்டங்களிலிருந்து மக்கள் போனார்கள். அங்கே படையாச்சி குடும்பப் பெயராகப் பெருகவில்லை. அங்குள்ள பதிவுமுறை மகனுக்கு 'ஏ/எல்', மகளுக்கு 'ஏ/பி' என்று போட்டுத் தந்தை பெயரை எழுதச் சொன்னது. எழுத்தர் நீட்டிய படிவம்தான் ஒரு பெயர் எங்கே பரவ வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. ரத்தமும் வீரமும் அல்ல. நமக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்தியர்கள் தம் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம், வந்தால் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனார். சாதிப் பட்டத்தை உதறிய துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் அங்கும் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் குடும்பத் தலைவர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

தென்னாப்பிரிக்கக் குடும்பப் பெயர், மலேசியத் தந்தைவழி, பிரெஞ்சுக் குடியுரிமை என மூன்று படிவங்கள். மூன்றிலும் அம்மாவுக்கு இடமில்லை.

இதில் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும. அந்தக் கப்பல் பதிவேடு மனிதரை எண்ணாக்கிய கொடிய ஆவணம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்குப் பார்த்துப் பெண்களை ஏற்றிய ஏற்பாட்டின் ஆவணம். ஆனால் அதில் ஒரு பெண்ணுக்குத் தனி எண் உண்டு, தனி வரி உண்டு, அவள் பெயர் உண்டு, அவள் ஊர் உண்டு, அவள் முழங்கையில் இருந்த தழும்புகூட உண்டு. கூலியாக இருந்தவரை அவளுக்குப் பெயர் இருந்தது. கூலியிலிருந்து விடுபட்டு 'குடும்பம்' ஆனதும் அந்தப் பெயர் போயிற்று. ஓர் அடிமைத்தனத்தை முடித்துவைத்த கையோடு இன்னொன்றை எழுதிக்கொண்டோம்.

சான்று வேண்டுமா? 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தம்மை வைப்பாட்டிகள் என்று சட்டம் சொன்னதை எதிர்த்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பதினொரு பெண்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ் பேசும் வீட்டினர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார்கள். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். மூன்று மாதம் கடுங்காவல் அனுபவித்தார்கள். காந்தி தன் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலில் அவர்களை மதிப்போடு பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி பி.கே. நாயுடு என்று போகிறது. பதினொருவரில் சொந்தப் பெயர் தெரிவது மணமாகாத இருவருக்கு மட்டும். ஒருத்தி மீனாச்சி. வரலாற்றையே திருப்பிய பெண்கள் வரலாற்றில் நுழைந்தபோது புருஷன் பெயரைச் சொல்லித்தான் உள்ளே வர முடிந்தது.

வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று தப்பித்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பாடல்களின் பெண்பாற் புலவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கூர் மாசாத்தியார் ஊரோடு நிற்கிறார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அப்பனோடு நிற்கிறார். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவனோடு நிற்கிறார். கவனியுங்கள், கணவனோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை. பெருங்கோப்பெண்டு என்றால் பட்டத்தரசி, அவ்வளவுதான். எம்.ஏ. வகுப்பில் ஆண்டுதோறும் இதைப் பாடமாகச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் மாணவிகளின் அப்பன் எழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள்தான் நானும்.

போலந்து மொழியில் குடும்பப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் உண்டு. கொல்லன் என்ற சொல்லிலிருந்து வந்தது கோவால்ஸ்கி. அது ஆணுக்கு. பெண் என்றால் கோவால்ஸ்கா. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன போலந்துக் குடும்பங்களில் பெண்களும் கோவால்ஸ்கி ஆனார்கள். அங்குள்ள படிவத்துக்குப் பெண்பால் ஈறு தெரியாது, ஒரு வீட்டுக்கு ஒரே பெயர்தான் தெரியும். அந்த ஒரே பெயர் ஆணுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்காகச் சொந்த ஊரில் கோவால்ஸ்கா சுதந்திரமாக இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் பழைய வழக்கில் ஒருவர் மனைவிக்கு ஓர் ஈறு, மகளுக்கு ஓர் ஈறு இருந்தது. பெயரைக் கேட்டதும் இவள் யாருக்கு உரியவள் என்று தெரிந்துவிட வேண்டும். நம் ஊர் முன்னெழுத்து செய்கிற அதே வேலை.

முன்னெழுத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைத் துறந்தது பெரிய காரியம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், இங்கிருந்து ஒரு பேருந்துத் தூரத்தில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதன் பலனை அனுபவிப்பவள் நான். என் பெயரின் பின்னால் சாதி இல்லை. பட்டம் வெறும் அலங்காரம் என்பவர்கள் 2013 ஏப்ரல் 25ஐ நினைத்துக்கொள்ளட்டும். அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அந்த நெருப்பை நினைத்தால், மொரீசியஸின் முன்னாள் அமைச்சரையோ டர்பனின் மறைந்த பொருளாதார அறிஞர் விஷ்ணு படையாச்சியையோ 'நம்ம ஆளு' என்று சொல்லும் நாக்கு கூச வேண்டும். அவர்கள் சுமப்பது எழுத்தர் கொடுத்த பெயர். நாம் அதைத் திரும்ப இறக்குமதி செய்து சாதியாக்குகிறோம்.

ஆனால் பின்னால் இருந்த சாதியை வெட்டிய நாம் முன்னால் அப்பனை நட்டோம். என் முனைவர் பட்டச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. சம்பளப் பட்டியலில் கணவரின் எழுத்து. என்னை ஒன்பது மாதம் சுமந்தவரின் எழுத்து எங்கும் இல்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழில் எழுதச் சொல்லி ஆணையிட்டது. தமிழ் ஆசிரியை என்ற முறையில் மகிழ்ந்தேன். எந்த மொழியின் எழுத்து என்று கேட்ட அரசு, யாருடைய எழுத்து என்று கேட்கவில்லை.

இது வெறும் உணர்ச்சி அல்ல. ஒற்றைப் பெயர் உள்ள தமிழருக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று அடிக்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெயரோடு போனவளைப் பெயர் தெரியாதவள் ஆக்குகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் வருகை விசாவில் அனுமதியில்லை என்றது. பிறகு, அடுத்த பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இந்திய பாஸ்போர்ட்டில் அதே பக்கத்தில் அம்மா பெயரும் அச்சாகியிருந்தது. கண்ணுக்கு எதிரே இருந்தும் அது கணக்கில் வரவில்லை.

மறுப்புகள் தெரியும். அம்மா பெயரை எடுத்தாலும் அவளுக்கு முன்னால் அவள் அப்பன் பெயர்தானே இருக்கிறது என்பார்கள். நான் கேட்பது அவளுடைய முன்னெழுத்தை அல்ல, அவளுடைய பெயரின் எழுத்தை. சட்டச் சிக்கல் வரும் என்பார்கள். 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் தாயும் இயல்பான காப்பாளராகலாம் என்றும், 2022 ஜூலையில் தந்தை இறந்த பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழ்களில் குழப்பம் வரும் என்பார்கள். அப்பன் எழுத்தை எடுத்துவிட்டுப் புருஷன் எழுத்தைப் போடும்போது ரேஷன் அட்டையிலிருந்து வங்கிப் புத்தகம்வரை எல்லாம் ஒரே மாதத்தில் மாறுகிறதே, அப்போது வராத குழப்பமா?

எனவே சிலவற்றைக் கேட்கிறேன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் முன்னெழுத்துக்குத் தாய், தந்தை இருவர் பெயரையும் கேட்டு, எதை வைப்பது என்பதைப் பிள்ளையும் பெற்றவளும் சொல்லட்டும். திருமணத்தோடு பெண்ணின் முன்னெழுத்து மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அலுவலகங்கள் நிறுத்தட்டும். உப்பளக் கூலி நோட்டில் தலையில் கூடை சுமப்பவளின் பெயர், அவள் பெயராகவே இருக்கட்டும். சித்திரை வெயிலில் பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்பைக் கொண்டுபோகும் கால்கள் அவளுடையவை. காலில் விழும் வெடிப்பும் அவளுடையது. சம்சாரம் என்பது பெயர் அல்ல. கரும்புத் தோட்டத்துக்குக் கூலி பிடித்தவன்கூட அவளுக்குக் கொடுத்த ஒரு வரியை, நம் ஊர் நோட்டு கொடுக்கக் கூடாதா?

போன ஆண்டு என் பணிப்பதிவேட்டில் அம்மாவின் எழுத்தைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா மேடம்?" என்று கேட்டார். அப்பாவின் எழுத்தை எடுத்துக் கணவரின் எழுத்தைப் போட்ட அன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.