கோடில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் ஜாவா பில்ட் நின்றுபோவது ஏன்?

"நேத்து வரைக்கும் ஓடுச்சே... யார் என்ன மாத்துனீங்க?"

ஜாவா புராஜெக்ட்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. பல நேரங்களில் இதற்கு உண்மையான பதில், 'யாரும் எதையும் மாற்றவில்லை' என்பதுதான். கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஆனால், காலையில் பில்ட் ஓட்டினால் சிவப்பு எழுத்தில் 'பில்ட் ஃபெயில்ட்' என்று வந்து நிற்கும்.

கடந்த சில ஆண்டுகளில் இப்படி நின்ற பில்ட்கள் பலவற்றுக்குக் காரணம் புரோகிராமரின் தவறு அல்ல. எங்கோ ஒரு சர்வர் மூடப்பட்டது, ஒரு பாதுகாப்பு விதி மாறியது, ஜாவாவின் புதிய வெர்ஷன் வந்தது. அதன் பலனை அனுபவிப்பவர், இரவு ரிலீஸுக்காகக் காத்திருக்கும் இன்ஜினீயர். இந்தச் சிக்கல் எங்கே தொடங்குகிறது, எப்படித் தேடுவது?

பில்ட் ஸ்கிரிப்ட் செய்யும் வேலை என்ன?

எழுதிய ஜாவா கோடை அப்படியே சர்வரில் போட்டு ஓட்டிவிட முடியாது. கம்பைல் செய்ய வேண்டும், டெஸ்ட்களை ஓட்ட வேண்டும், வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகளைச் சேர்த்து ஜார் கோப்பாகக் கட்ட வேண்டும். இத்தனையையும் தானாகச் செய்யும் குறிப்புதான் பில்ட் ஸ்கிரிப்ட்.

2000-ஆம் ஆண்டில் பொதுவெளிக்கு வந்த ஆன்ட் காலத்தில், தேவையான ஜார் கோப்புகளை புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைப்பது வழக்கம். 2004-இல் மேவன் 1.0 வந்தது. லைப்ரரியின் பெயரையும் வெர்ஷனையும் எழுதினால் போதும், அதுவே இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும். 2012-இல் 1.0 வெர்ஷனை எட்டிய கிரேடிலும் அதே வழிதான்.

மளிகைச் சாமானை வீட்டில் மொத்தமாக வாங்கி அடுக்கிய காலம் போய், 'தேவைப்படும்போது அண்ணாச்சி கடையில் வாங்கிக்கலாம்' என்ற காலம் வந்ததுபோல இது. கடை திறந்திருக்கும்வரை சௌகரியம்தான். கடை மூடினால்?

மூடிய கடை: ஜேசென்டர் கதை

லைப்ரரிகளைச் சேமித்து வைக்கும் பொதுக் கிடங்குக்கு ரெபாசிட்டரி என்று பெயர். ஜாவா உலகின் பெரிய கிடங்கு மேவன் சென்ட்ரல். அதற்கு அடுத்தபடியாகப் பல ஆண்டுகள் கோலோச்சியது ஜேஃப்ராக் நிறுவனத்தின் ஜேசென்டர். ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் புதிய புராஜெக்ட் தொடங்கினாலே ஜேசென்டர் வரி தானாக வந்து விழும்.

2021 பிப்ரவரியில், ஜேசென்டருக்கு அடித்தளமாக இருந்த பின்ட்ரே சேவையை மூடப்போவதாக ஜேஃப்ராக் அறிவித்தது. மே மாதம் பின்ட்ரே மூடப்பட்டது. எதிர்ப்புக் குரல்கள் வந்த பிறகு, 'ஜேசென்டரில் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்' என்று நிறுவனம் இறங்கி வந்தது. பலரும் 'அதான் ஓடுதே' என்று அந்த வரியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

2024 ஆகஸ்ட்டில் அதுவும் முடிந்தது. ஜேசென்டருக்கு வரும் கோரிக்கைகள் எல்லாம் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்பட்டன. இரண்டு இடத்திலும் இருந்த லைப்ரரிகளுக்குப் பாதிப்பில்லை. ஜேசென்டரில் மட்டுமே இருந்தவற்றை நம்பியிருந்த புராஜெக்ட்களுக்குக் கிடைத்தது 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற பதில்தான்.

'என் லேப்டாப்ல ஓடுதே!'

இந்த இடத்தில்தான் குழப்பம் கூடுகிறது. சிஐ சர்வரில் நிற்கும் பில்ட், சீனியர் ஒருவரின் லேப்டாப்பில் ஜம்மென்று ஓடும். காரணம் எளியது. மேவனும் கிரேடிலும் ஒருமுறை எடுத்த லைப்ரரியை அந்தக் கணினியிலேயே கேஷ் ஆகச் சேமித்துக்கொள்ளும். கடை மூடினாலும் வீட்டு டப்பாவில் பருப்பு மிச்சம் இருக்கிற கதை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் சிஐ சர்வரிடம் அந்த டப்பா இருக்காது.

எனவே, லேப்டாப்பில் ஓடுவது நல்ல செய்தி அல்ல; பழைய கேஷ் உண்மையை மறைக்கிறது என்று பொருள். அந்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்யும் நாளில், லைப்ரரியின் கடைசிப் பிரதியும் போய்விடலாம். எனவே, கேஷை அழிப்பதற்கு முன் அந்த ஜாரைப் பத்திரமாக எடுத்து, நிறுவனத்தின் சொந்த ரெபாசிட்டரியில் ஏற்றிவிட வேண்டும்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. மேவன் தோல்வியையும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால், வழக்கமான செட்டிங்கில் ஒரு நாள்வரை மறுபடி கேட்டுப் பார்க்காது. முகவரியைச் சரிசெய்த பிறகும் அதே எரர் வந்தால், கட்டளையோடு 'மைனஸ் யூ' ஆப்ஷனைச் சேர்த்துக் கட்டாயமாகத் தேடச் சொல்ல வேண்டும்.

ஒரு எழுத்து குறைந்ததால் நின்ற பில்ட்கள்

2020 ஜனவரி 15 முதல் மேவன் சென்ட்ரல், பாதுகாப்பற்ற எச்டிடிபி இணைப்பை ஏற்பதில்லை. எச்டிடிபிஎஸ் முகவரி இல்லாத பழைய ஸ்கிரிப்ட்களுக்கு 501 என்ற எரர் எண் வரும். தீர்வு, முகவரியில் 'எஸ்' என்ற ஓர் எழுத்தைச் சேர்ப்பதுதான். ஆனால், அந்த முகவரி பல நேரங்களில் புராஜெக்ட் ஃபைலில் இருக்காது. அது மேல்நிலை பாம் ஃபைலிலோ, சர்வரின் செட்டிங்ஸ் ஃபைலிலோ, ஒரு லைப்ரரியின் உள்ளேயோ ஒளிந்திருக்கும்.

2021-இல் வந்த மேவன் 3.8.1 இன்னும் ஒரு படி போனது. லோக்கல் ஹோஸ்ட் தவிர வேறெந்த எச்டிடிபி ரெபாசிட்டரியையும் தானாகவே தடுத்துவிடும். அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் பழைய ரெபாசிட்டரியும் இந்த வலையில் சிக்கும். தடையை நீக்கும் குறுக்குவழி கேட்டால் உடனே கிடைக்கும். ஆனால், பாதுகாப்பற்ற இணைப்பில் இடையில் புகுந்து ஜார் கோப்பையே மாற்றிவிட முடியும் என்பதால்தான் அந்தத் தடை வந்தது. ரெபாசிட்டரிக்குச் சான்றிதழ் போடுவதே சரியான தீர்வு.

44-ஐக் கழித்தால் விடை

ஜாவா வெர்ஷன் மாறும்போது வரும் எரர்களில் 52, 61, 65 போன்ற எண்கள் இருக்கும். அந்த எண்ணில் 44-ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன் கிடைத்துவிடும். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21.

எந்தப் பக்கம் பழசு என்று பார்ப்பது அடுத்த வேலை. 'மேஜர் வெர்ஷன் 65-ஐ ஏற்க முடியாது' என்று கிரேடில் சொன்னால், கணினியில் இருப்பது ஜாவா 21, ஆனால் கிரேடில் பழசு என்று பொருள். ஜாவா 21-இல் ஓடுவதற்கு கிரேடில் 8.5 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மாறாக, '61 இருக்கிறது, 52 இருக்க வேண்டும்' என்று கம்பைலர் சொன்னால், லைப்ரரி புதுசு, ஜாவா பழசு. ஜாவா 8 புராஜெக்ட்டில் ஸ்பிரிங் பூட் 3-ஐச் சேர்ப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஜாவா 17 ஆவது தேவை.

ஜாவா 8-இலிருந்து 11-க்கு மாறும்போது இன்னொரு தடை உண்டு. எக்ஸ்எம்எல் வேலைகளுக்குப் பயன்படும் ஜாக்ஸ்பி போன்ற சில பகுதிகள் ஜாவா 11-இல் நீக்கப்பட்டன. முன்பு இலவச இணைப்பாகக் கிடைத்ததை இப்போது தனி லைப்ரரியாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பில்ட் ஓகே, ரன் ஆகும்போது விழுகிறதா?

இதுதான் ஆபத்தான வகை. ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்களை வெவ்வேறு லைப்ரரிகள் கேட்கும்போது, கருவி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். மேவனின் விதி 'யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை'; அதாவது, சார்பு மரத்தில் புராஜெக்ட்டுக்கு நெருக்கமான வெர்ஷன் ஜெயிக்கும், அது பழசாக இருந்தாலும். கிரேடிலோ வழக்கமாக உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறிய புராஜெக்ட் திடீரென வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'இப்படி ஒரு மெத்தடே இல்லை' என்று புரோகிராம் ஓடும்போது எரர் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முழுச் சார்பு மரத்தையும் அச்சிடும் கட்டளை இரண்டு கருவிகளிலும் இருக்கிறது.

தமிழில் செயலி செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுத்துக் குறியாக்கம். ஜாவா 18-க்கு முன்பு, ஃபைலை எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்பது கணினியைப் பொறுத்து மாறியது. லினக்ஸில் ஒழுங்காக வந்த தமிழ், விண்டோஸில் பில்ட் ஓட்டினால் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ மாறிவிடும். இதற்கு எரர் வராது. பில்ட் கணினியைச் சார்ந்திருக்கிறது என்ற மஞ்சள் எச்சரிக்கை வரி மட்டும் வரலாம். ஸ்கிரிப்டில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

எங்கிருந்து தேடுவது?

* லாக் ஃபைலில் கடைசி வரி பெரும்பாலும் விளைவுதான். முதலில் வந்த எரரைப் பார்க்க வேண்டும். நீண்ட எரர் தொடர் என்றால், 'இதனால் ஏற்பட்டது' என்று சொல்லும் வரிகளில் கடைசியானதில்தான் வேர் இருக்கும்.

* கடைசியாக வெற்றி பெற்ற பில்டின் லாகையும் தோற்றதையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஜாவா வெர்ஷன், கருவியின் வெர்ஷன், ரெபாசிட்டரி முகவரி இந்த மூன்றில் எது மாறியது?

* காலியான கேஷோடு, புதிய கணினியில் அல்லது கன்டெய்னரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நான்கு வெர்ஷன்களை ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

* 'டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணிட்டு ஓட்டு' என்பது தீர்வு அல்ல; புகை வரும்போது அலாரத்தைக் கழற்றி வைப்பது.

இது ஏன் வெறும் டெக்னிக்கல் தலைவலி அல்ல?

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே லைப்ரரியில் வெளியான ஓட்டை நினைவிருக்கும். ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10 வாங்கிய அந்த ஓட்டையை அடைக்க, 2.15.0 தொடங்கி 2.17.1 வரை ஒரே மாதத்தில் நான்கு வெளியீடுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் உலகம் முழுக்க ஜாவா மென்பொருட்களை மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருந்தது. பில்ட் ஒழுங்காக ஓடிய குழுக்களுக்கு அது ஒரு வரி மாற்றம். 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த புராஜெக்ட்டில், ஓட்டையை அடைப்பதற்கு முன் பில்டையே உயிர்ப்பிக்க வேண்டும். தாக்குபவர்கள் அதுவரை காத்திருப்பதில்லை.

சென்னையிலும் கோவையிலும் சப்போர்ட் புராஜெக்ட்களில் இருப்பவர்கள் வேறொருவர் எழுதிய பழைய ஸ்கிரிப்டைத்தான் பெரும்பாலும் கையில் வாங்குகிறார்கள். பில்டைப் புதுப்பிக்கும் வேலை கிளையன்ட்டின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதும் அபூர்வம்.

இலவசக் கடைக்கு யார் வாடகை கட்டுவது?

மேவன் சென்ட்ரலை நடத்துவது சோனடைப் என்ற தனியார் நிறுவனம். பயன்படுத்துவோரிடம் கட்டணம் இல்லை. ஆனால், கேஷ் இல்லாத சிஐ சர்வர்கள் அதே ஜாரை ஒரு நாளைக்குப் பல நூறு முறை கேட்டால், அந்தச் செலவு யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. அளவுக்கு மீறிக் கேட்பவர்களுக்கு இப்போது 429 என்ற எரர் எண் வருகிறது; 'கொஞ்சம் பொறு' என்று அதற்கு அர்த்தம். 2025 செப்டம்பரில் சோனடைப், பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின் சாரமும், திறந்த கட்டமைப்பு இலவசமாக ஓடுவதில்லை என்பதுதான்.

இடையில் ஒரு சொந்த ரெபாசிட்டரி சர்வரை வைத்துக்கொள்வது நிறுவனங்களால் செய்யக்கூடிய எளிய காரியம். வெளியிலிருந்து ஒருமுறை எடுத்தால் போதும். அடுத்தமுறை உள்ளேயே கிடைக்கும். பொதுக் கிடங்கின் சுமையும் குறையும், வெளியே கடை மூடினாலும் இங்கே பில்ட் நிற்காது. அதோடு, கருவியின் வெர்ஷனை புராஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைக்கும் ராப்பரைப் பயன்படுத்துவது, யாரும் கோடைத் தொடாத புராஜெக்ட்டையும் வாரம் ஒருமுறை காலி கேஷோடு பில்ட் செய்து பார்ப்பது ஆகிய இரண்டும் சேர்ந்தால், பெரும்பாலான பழுதுகள் ரிலீஸ் இரவில் அல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்துவிடும். அப்போது அதைச் சரிசெய்ய ஒருவரின் தூக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.