லேத்தில் நிற்பவர் வெறும் 'பேர்' அல்ல!

ரோலர் நின்றால் கொழுந்து கெடும். நம் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் இன்றும் ஓடுவது வெள்ளைக்காரன் காலத்து ரோலர்களே. அவற்றுக்கு உதிரிப்பாகம் கடையில் இலேசில் கிடைக்காது. தேய்ந்ததைப் பார்த்துப் புதியதைச் செய்து தருபவர் நம் பிட்டர்தான். அவருக்கு உரிய சம்பளம் கேட்டால், "பழையதைப் பார்த்து அப்படியே கடைகிறான், இதில் என்ன பெரிய வேலை?" என்கிறது நிர்வாகம்.

அப்படியே கடைந்தால் என்ன நடக்கும்? ரோலர் கிராங்கின் வெண்கல புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். தேய்ந்த புஷ்ஷின் உள்விட்டத்தை அளந்து அதே அளவில் கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுத்ததாகும். முதல் நாளே ஆடும். ஷாப்ட்டை அளக்க வேண்டும். அதுவும் கோணியிருந்தால், கடைந்து வட்டமாக்கிய பிறகே புஷ்ஷுக்கு அளவெடுக்க வேண்டும். எண்ணெய் நிற்க இடைவெளி விட வேண்டும். வார்ப்புக்கான மர மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும்; வெண்கலம் ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை வீதம் சுருங்கும்.

பற்சக்கரம் இன்னும் சிக்கல். பழைய பிரித்தானிய இயந்திரங்கள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 8 டி.பி. பல் என்பது மெட்ரிக் கணக்கில் 3.175 மொடியூல். கையில் கிடைத்த 3 மொடியூல் கட்டரால் வெட்டினால் பல்லோடு பல் சேராது. பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து, கணக்குப் போடுபவர் யார்? அதே பிட்டர்தான்.

அவர் அதோடும் நிற்பதில்லை. புஷ் ஏன் ஒரே பக்கம் தேய்கிறது என்று பார்த்து, எண்ணெய்க் காடி வெட்டும் இடத்தை மாற்றுகிறார். புதிய புஷ் பழையதைவிட அதிக நாள் உழைக்கிறது. இது நகல் அல்ல, வடிவமைப்பு! இதையே பொறியியலாளர் செய்தால் பதவியும் படியும். நம்மவர் செய்தால் செக்ரோலில் ஒரு பேர். மிச்சமான இறக்குமதிச் செலவு மட்டும் கம்பனியின் இலாபத்தில் சேர்கிறது.

"சான்றிதழ் எங்கே?" என்று கேட்கிறார்கள். வேலை அனுபவத்தை மதிப்பிட்டே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் இருக்கிறது. அதற்கு ஆளை அனுப்பாத நிர்வாகத்துக்கு இப்படிக் கேட்க என்ன உரிமை?

நமது கோரிக்கைகள்:

1. உதிரிப்பாகம் செய்யும் பிட்டர், லேத் தொழிலாளர்களுக்குத் தனித் தரமும் அதற்கேற்ற சம்பளமும் வேண்டும்.
2. சான்றிதழ் மதிப்பீட்டுச் செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும். அந்த நாட்களுக்கும் பேர் போட வேண்டும்.
3. ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்திலும் அதைச் செய்தவரின் பெயர் இருக்க வேண்டும்.

ரோலரை ஓட வைக்கும் கை நம்முடையது. கணக்குப் போடும் மூளையும் நம்முடையதே. இரண்டுக்கும் சேர்த்தே சம்பளம் கேட்போம்!